எள்ளிற் பாதி: மருதானை மேடையில் நிற்கும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலுமிருந்து கரையோரப் புகையிரதத்திலும், கொட்டாஞ்சேனையிலிருந்து நெரிசல் மிகுந்த பஸ் வண்டியிலுமாக, தோளிலே புத்தகப் பையும் கையிலே சோற்றுப் பார்சலும் கொண்டு மருதானைக்கு வந்து, பொழுது சாயும்வரை வகுப்பிலிருந்து, மீண்டும் புகையிரத நிலைய மேடையில் வண்டிக்குக் காத்து நிற்கும் உயர்தர விஞ்ஞான மாணவர்களாகிய உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். என்னை நீங்கள் அறியமாட்டீர்கள். முப்பத்துநான்கு ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்து ஓய்வு பெற்று, நிலையத்துக்கு அணித்தான ஒழுங்கையொன்றில் என் தங்கையோடு வாழ்ந்து வருகிறவன் நான். உங்கள் பெயர்களை அறியேனாயினும், மாலை நடைக்கு வரும்போதெல்லாம் கண்டு கண்டு உங்கள் முகங்கள் எனக்குப் பழக்கமாகிவிட்டன.

சென்ற மாதம் ஒரு மாலை, மேடையின் வாங்கில் நான் அமர்ந்திருந்தபோது, எனக்கு அருகே நின்ற இருவர் கடந்தகால வினாத்தாள் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தனர். "ஒரு மனுசன் பக்கத்தில நிக்கிற மற்ற மனுசனையும் இழுக்கிறானாம், சேர் சொன்னவர்" என்றான் ஒருவன். மற்றவன் சிரித்து, "எள்ளளவும் இல்லை மச்சான், பூச்சியம் எண்டு போட்டிட்டுப் போ" என்றான். அதற்குள் வண்டி வந்துவிட்டது. இருவரும் ஏறிப் போய்விட்டார்கள். அந்த "எள்ளளவும் இல்லை" என்ற சொல் மட்டும் என்னோடு வீடுவரை வந்தது. அன்றிரவு ஒரு தாளை எடுத்து, அவர்கள் இருவரையும், அவர்கள் ஏறிச் சென்ற வண்டியையும் வைத்துக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கே இந்த மடலுக்குக் காரணம்.

பிரபஞ்சத்திலுள்ள எந்த இரண்டு பொருள்களும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்பதும், அவ்வீர்ப்பு அவற்றின் திணிவுகளின் பெருக்கத்துக்கு நேர்விகிதசமமும் இடைத்தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமமும் ஆகும் என்பதும் உங்களுக்கு மனப்பாடம். எங்கள் ஆசிரியர்கள் இதனைப் பரஸ்பர ஆகர்ஷணம் என்று வழங்கினார்கள். 'பரஸ்பரம்' என்ற சொல் விதியின் உயிரை நன்கு காட்டுவதாக எனக்கு இன்றும் தோன்றுகிறது. இதில் வரும் ஈர்ப்பு மாறிலியோ மிகச் சிறியது. தசமப் புள்ளிக்குப் பின் பத்துப் பூச்சியங்களை இட்டு, அதன் பின்னர் 6674 என்று எழுதினால் அதன் பெறுமானம் வரும். 60 கிலோகிராம் திணிவுள்ள இருவர், உடலின் மையங்கள் அரை மீற்றர் இடைவெளியில் இருக்க அருகருகே நின்றால், அவர்களுக்கிடையிலான ஈர்ப்பு ஏறக்குறைய ஒரு மில்லிகிராமின் பத்திலொரு பங்கின் நிறைக்குச் சமமாகிறது. காலிமுகத்திடல் கடற்கரையிற் கால் வைத்தெடுத்தால் பாதத்தில் ஒட்டிவரும் மணலில் ஒரே ஒரு சிறுமணியை எடுத்து நிறுத்தால் எவ்வளவோ, அவ்வளவு.

இனி வண்டியைப் பாருங்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கியதும், கனேடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி 1954இல் வரத் தொடங்கியதுமான டீசல் எஞ்சின் வகையொன்று இன்றும் நம் தண்டவாளங்களில் ஓடுகிறது. அதன் திணிவு சுமார் 80 தொன். அது மேடையோரம் வந்து நிற்க, அதன் நடுக்கோட்டிலிருந்து இரண்டரை மீற்றர் தள்ளி நீங்கள் நின்றால், எஞ்சின் உங்களைத் தன்பால் ஈர்க்கும் விசை இரண்டு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைந்த ஒரு நிறையாகும். ஓர் எள்ளின் நிறை ஏறக்குறைய மூன்று மில்லிகிராம். ஆகவே, தம்பி, நீ சொன்னது அணுவளவும் பிசகாத சொல்லாக இருந்திருக்கலாம். எள்ளளவு இல்லை என்பது உண்மை. ஆனால் எள்ளிற் பாதி இருக்கிறது. பாதி எள்ளுக்கும் பூச்சியத்துக்கும் உள்ள பேதம் பாதி எள் அல்ல. இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள பேதம் அது.

அவ்வாறாயின் அதை ஏன் நாம் உணர்வதில்லை என்று கேட்பீர்கள். அருகில் நிற்கும் நண்பன் உங்களை ஈர்ப்பதைப் பார்க்கிலும் ஏறக்குறைய அறுபது கோடி மடங்கு வலிமையோடு பூமி உங்களைக் கீழ்நோக்கி ஈர்த்துக்கொண்டிருக்கிறது. போதாதென்று செருப்புக்கும் சீமெந்துத் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு, அந்தச் சிறு விசை செய்ய விரும்புவதைச் செய்யவிடாது பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு தடைகளையும் மனத்தால் அகற்றிப் பாருங்கள். காற்றும் தரையும் வேறெந்த ஈர்ப்பும் இல்லாத வெளியிலே, அசைவற்ற நிலையில், ஒரு மீற்றர் இடைவெளியில் இருவரை விட்டால், முதலில் கண்ணுக்குப் புலப்படாத மந்தகதியிலும், பின்னர் படிப்படியாகக் கூடும் கதியிலும் அவர்கள் ஒருவரையொருவர் நெருங்கி, சுமார் மூன்று மணித்தியாலத்தில் தோளோடு தோள் முட்டிக்கொள்வார்கள். மருதானையில் ஏறியவர் கண்டியில் இறங்கும் நேரம்தான் அது. கணக்கைச் செய்து காட்டும்வரை எந்த வகுப்பிலும் இதை எவரும் நம்பியதில்லை. யுகங்கள் ஆகும் என்றே சொல்வார்கள்.

அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. நியூட்டனே இதில் இடறியிருக்கிறார். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1728இல் வெளிவந்த, உலகின் அமைப்பைப் பற்றிய நூலில், பூமியின் அடர்த்தியுடையதாய் ஓரடி விட்டமுள்ள இரண்டு கோளங்களைக் கால் அங்குல இடைவெளியில் வைத்தால், தடையற்ற வெளியிலும்கூட அவை ஒன்றுகூட ஒரு மாதத்துக்குக் குறையாது என்று எழுதியிருக்கிறார். நீங்களே செய்து பாருங்கள்: ஒரு கோளத்தின் திணிவு ஏறக்குறைய 82 கிலோகிராம், மையங்களுக்கிடையே 31 சென்ரிமீற்றர், விடை ஆறு நிமிடத்துக்கும் குறைவாக வரும். விதியைக் கண்டுபிடித்த மகானுக்கே சிறுபொருள்களின் ஈர்ப்பு அத்துணை அற்பமாகத் தோன்றியதென்றால், அந்த எண்ணம் மனித மனத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்க வேண்டும்! இதைச் சொல்வது அப்பெரியாரின் புகழைக் குறைக்க அன்று. "புறக்கணிக்கத்தக்கது" என்ற சொல், கணக்கு முடிந்த பின்னர் அதன் அடியில் எழுதவேண்டிய சொல். கணக்கைத் தொடங்காமல் இருப்பதற்கு உரிய அனுமதிச்சீட்டு அல்ல. நான் உங்களிடம் சொல்ல வந்தது இவ்வளவே. ஆனால் அதைச் சொல்வதற்கு எனக்குள்ள உரிமையை இனித்தான் நான் நிலைநாட்டவேண்டும்.

சிறுதுளி சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு நீங்கள் தினந்தோறும் வண்டியிலிருந்து காணும் கடலே சாட்சி. கொள்ளுப்பிட்டி தாண்டியதும் வலக்கைப் பக்கம் தட்டையாக விரிந்து கிடக்கும் அந்த நீர்ப்பரப்பு, பூமியைச் சீரான ஒரு நீள்கோள வடிவமாகக் கொண்டு கணித்தால் எங்கே இருக்கவேண்டுமோ, அதற்குத் தொண்ணூறு மீற்றருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே அத்தாழ்வு தன் உச்சத்தை அடைந்து ஏறக்குறைய 106 மீற்றராகிறது. உலகக் கடல்களிலே இதைவிட ஆழ்ந்த ஈர்ப்புத் தாழ்வு வேறெங்கும் இல்லை. வெனிங் மைனெஸ் என்ற டச்சு அறிஞர் கடலில் செய்த ஈர்ப்பு அளவைகளிலிருந்து 1948இல் இது புலனாயிற்று. நமக்கு அடியிலே பூமியின் ஈர்ப்பு சற்றே குறைந்திருப்பதால், நீர் ஈர்ப்பு மிகுந்த திசைகளை நோக்கி விலகிப் போய்விட்டது. ஏன் குறைந்தது என்பதற்கு, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த தேபாஞ்ஜன் பால், ஆத்ரேயி கோஷ் என்னும் இருவரும் 2023இல் ஒரு விளக்கம் வெளியிட்டார்கள்: பண்டைய டெதிஸ் சமுத்திரத்தின் அடித்தட்டு ஆழத்திற் புதைந்தபோது, ஆபிரிக்காவுக்கு அடியிலுள்ள வெப்பமும் இலேசும் உடைய பாறைத்திரள் குழம்பி மேலெழுந்து நம் பக்கம் பரவியது என்பது அதன் சாரம். அந்தப் பள்ளத்திலே கப்பல்கள் இறங்குவதுமில்லை, ஏறுவதுமில்லை. ஏனென்றால் தூக்குக்குண்டும் அந்த நீர்மட்டத்துக்குச் செங்குத்தாகவே தொங்குகிறது. நம் கண்ணுக்கு மட்டம் என்று படுவதும் ஈர்ப்பு வகுத்த மட்டமே.

தூக்குக்குண்டும் மலைப்பக்கம் சாயும். 1802இல் சென்னையில் அடிக்கோடு அளந்து லாம்ப்டன் தொடக்கி வைத்த பெரு நிலஅளவை வடக்கே இமயத்தை அணுகியபோது, கலியான்பூர், கலியானா என்னும் இரு நிலையங்களுக்கும் இடையே, தரையளவைக்கும் தூக்குக்குண்டை ஆதாரமாகக் கொண்ட விண்மீன் அளவைக்கும் ஐந்து விகலைக்குச் சற்று மேற்பட்ட முரண்பாடு வந்தது. கல்கத்தாவில் மதகுருவாயிருந்த பிராட் 1855இல் மலையின் ஈர்ப்பைக் கணித்துப் பார்த்தார். ஏறக்குறைய பதினாறு விகலை வந்திருக்கவேண்டும் என்றாயிற்று. மலை தன் பருமனுக்கு ஏற்றபடி ஈர்க்கவில்லை. அடியிலே இலேசான பாறை வேர்போல இறங்கியிருக்கிறது என்ற உண்மை இந்தச் சில விகலைகளிலிருந்தே பிறந்தது. "சிறு பிழைதானே" என்று அன்று எவரேனும் தாளை மடித்து வைத்திருந்தால் அது பிறந்திராது.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். என் தங்கையின் ஜாதகத்தில் எட்டிலே செவ்வாய். 1979இல் அவளுக்கு இருபத்துநான்கு வயது. மூன்று இடங்களிலிருந்து சம்பந்தம் பேசி வந்தார்கள். மூன்று முறையும் குறிப்புத் திரும்பி வந்தது. மூன்றாம் முறை கூடத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பௌதிகவியற் பட்டதாரியாகிய நான் சுவரோரமாக நின்றிருந்தேன். அங்கே ஒருவர், "சந்திரன் கடலையே இழுக்குது; அப்ப செவ்வாய் ஒரு பிள்ளையை என்னதான் செய்யாது?" என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். நான் வாய்திறக்கவில்லை. அற்ப விஷயம், இதை ஏன் கணக்கிடவேண்டும் என்று இருந்துவிட்டேன். அவள் பிறகு மணம் செய்துகொள்ளவில்லை.

அன்று செய்யாத கணக்கை இப்போது செய்கிறேன். செவ்வாய் பூமிக்கு ஆகக் கிட்ட வரும்போது தூரம் சுமார் 5.6 கோடி கிலோமீற்றர். அப்போது பிறக்கும் ஒரு சிசுவை அது ஈர்க்கும் வலிமையைப் பார்க்கிலும், நாற்பது சென்ரிமீற்றர் தொலைவில் குனிந்து நிற்கும் 60 கிலோகிராம் மருத்துவிச்சி ஈர்க்கும் வலிமை ஏறக்குறைய இருமடங்கு. செவ்வாய் 40 கோடி கிலோமீற்றர் அப்பால் இருக்கும் காலத்திலோ மருத்துவிச்சியின் ஈர்ப்பு தொண்ணூறு மடங்குக்கும் மேல். சனி ஆகக் கிட்ட வரும்போது அவளோடு ஏறக்குறையச் சமமாக நிற்கும். வியாழன் மட்டும் தன் பெருந்திணிவினால் அவளை வெல்லும். ஆகக் கிட்டிய நிலையில் பதினான்கு மடங்கு. இதை மறைக்கக் கூடாது. கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கேதான் நாம் நிற்கவேண்டும். கடலை எழுப்பும் சந்திரன் விஷயமும் இப்படியே. வற்றுப்பெருக்கை உண்டாக்குவது ஈர்ப்பு அன்று. பூமியின் இப்பக்கத்துக்கும் அப்பக்கத்துக்கும் ஈர்ப்பில் உள்ள வித்தியாசம். பூமியின் விட்டம் முழுவதிலும் சேர்ந்த அந்த வித்தியாசம் கொழும்புக் கரையில் நீரை ஒரு மீற்றர்கூட உயர்த்துவதில்லை; அரை மீற்றர் நீளமுள்ள ஒரு குழந்தையின் தலைக்கும் காலுக்கும் இடையே அது எவ்வளவு இருக்கும்? அருகில் நிற்கும் மருத்துவிச்சி உண்டாக்கும் வித்தியாசம் அதைவிட இலட்சம் மடங்குக்கு மேல் பெரியது. ஈர்ப்பைக் காரணமாகக் காட்டித் தோஷம் பேசுகிறவர்கள், அந்த மருத்துவிச்சியின் பெயரையும் ஜாதகக் கட்டத்தில் எழுதவேண்டியிருக்கும். ஈர்ப்பைத் துணைக்கழையாமல், நம்பிக்கையாக மாத்திரம் பேசுகிறவரோடு எனக்கு இங்கே வழக்கில்லை. எங்கள் பாடத்தைச் சாட்சிக்கு அழைத்தவருக்கு மாத்திரமே நான் பதில் கடன்பட்டிருந்தேன். அந்தப் பதில் நாற்பது வருடம் பிந்தியது.

கடைசியாக, இந்த ஈர்ப்பை நான் கண்ணாரக் கண்ட கதை. 1798இல் ஹென்றி கவெண்டிஷ் செய்த பரிசோதனை உங்கள் நூலில் நாலு வரியில் இருக்கும். அது நாற்பது பக்கத்துக்குத் தகும். ஜோன் மிச்செல் என்னும் பாதிரியார் சமைத்த முறுக்கற் தராசு, அவர் 1793இல் காலமான பின் கைமாறிக் கவெண்டிஷிடம் வந்தது. ஆறடி மரக்கோலின் இரு முனைகளிலும் இரண்டங்குல ஈயக் குண்டுகள். அவற்றின் அருகே 158 கிலோகிராம் திணிவுள்ள பெரிய ஈயக் குண்டுகள். மனித உடலின் வெப்பம் எழுப்பும் காற்றோட்டம்கூடக் கோலை அலைக்கும் என்பதால், அறையை மூடிவிட்டு, வெளியே நின்று தொலைகாட்டி வழியாகப் பார்த்தார். அவர் பெற்ற பூமியின் அடர்த்தி, நீரைப்போல் 5.48 மடங்கு, இன்று நாம் கொள்வது 5.51. ஒரு மணற்றுகளின் நிறையையும் எட்டாத விசையிலிருந்து அம்மனிதர் பூமியை நிறுத்துவிட்டார்.

அதுபோல ஒன்றைச் செய்து பார்க்கவேண்டுமென்ற ஆசை, ஓய்வு பெற்றதும் எனக்குப் பிடித்துக்கொண்டது. பின்னறையின் வளையில் ஒரு கொளுக்கி. அதிலிருந்து மீன்பிடிக்கிற தங்கூசி நூல். அதன் அடியில் நாற்பது சென்ரிமீற்றர் மரக்கோல். முனைகளில் புறக்கோட்டையில் வாங்கிய நூறு கிராம் ஈயக் குண்டுகள். ஈயத்தை எடுத்தது, காந்தம் என்ற சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாது என்பதற்காக. கோலின் நடுவே ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் டோர்ச் வெளிச்சம் பட்டுத் தெறித்து, மூன்று மீற்றர் அப்பாலுள்ள சுவரில் ஒரு பொட்டாக விழும்படி வைத்தேன். ஈர்ப்பதற்கு, அரிசிக் கடையிலிருந்து இரவலாக வாங்கிய இரண்டு பத்துக் கிலோ இரும்புப் படிக்கற்கள். எல்லாம் சரியாயிருந்தும் பல வருடங்கள் ஒன்றும் நடக்கவில்லை. நூல் அடங்கி, பொட்டு ஓரிடத்தில் நிற்கத் தொடங்கும் நேரம் பார்த்து, ஒரு வண்டி போகும். சுவரில் பொட்டு வெறிகொண்டதுபோல் ஆடும். கரையோரப் பாதையும், பிரதான பாதையும், களனிவெளிப் பாதையும் கூடுகிற மருதானையில், நள்ளிரவிலும் நிலம் முழுதாகத் தூங்குவதில்லை.

2020ஆம் ஆண்டு பங்குனி மாதம் 20ஆந் திகதி மாலை ஊரடங்கு வந்தது. வண்டிகள் நின்றன. நோய்க்கு அஞ்சி நாடு முழுவதும் கதவடைத்திருந்த அந்நாட்களில் மகிழ்ச்சி என்ற சொல்லை உச்சரிக்க எனக்குக் கூச்சமாயிருக்கிறது. ஆனால் மருதானையின் நிலம் அசையாமல் கிடந்ததை என் வாழ்நாளில் முதன்முறையாக அப்போதுதான் கண்டேன். வியன்னாவில் 90 மில்லிகிராம் அளவான இரண்டு பொன்மணிகளுக்கிடையிலான ஈர்ப்பை அளந்து 2021இல் வெளியிட்ட அறிஞர்களும், நகரம் அடங்கியிருந்த நத்தார் காலத்து இரவுகளையே நாடினார்கள் என்று பின்னர் படித்தபோது, அவர்களை நேரில் அறிந்தவன்போல் உணர்ந்தேன்.

சித்திரையில் ஓரிரவு. மூன்று நாள் தொடாமல் விட்டிருந்த கோல் முற்றாக அடங்கியிருந்தது. காற்றாடியை நிறுத்தி, யன்னல்களைச் சாத்தி, படிக்கற்களை ஈயக் குண்டுகளின் பக்கத்தில், ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு, வெளியே வந்து கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தோம். மணிக்கூடும் கொப்பியும் தங்கையின் மடியில். சுவரிலே பென்சிலாற் கீறிய கோட்டில் பொட்டு நின்றது. பின் நிற்பதுபோலவே நின்று, கோட்டைவிட்டு விலகத் தொடங்கியது. கால் மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகும்போது இரண்டு விரற்கடை போய்விட்டது. காற்றாக இருக்கலாம், நூல் தானாக முறுக்கவிழ்வதாக இருக்கலாம் என்று என் மனம் வாதாடிற்று. அதனால் உள்ளே போய், கற்களைக் குண்டுகளின் மறுபக்கத்துக்கு மாற்றி வைத்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். என் நடையால் எழுந்த காற்று அடங்க வெகுநேரம் சென்றது. நான் கண்ணை மூடியிருந்தேன் போலும்.

"அண்ணை," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி, "இப்ப மற்றப் பக்கம் போகுது."

மணி ஒன்று நாற்பது என்று கொப்பியில் எழுதியிருக்கிறாள். கொப்பி இங்கே இருக்கிறது. கோலும் குண்டுகளும் அப்படியே தொங்குகின்றன. படிக்கற்களை மட்டும் கடைக்காரருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வண்டிகள் ஓடாத நாள் ஒன்று வருமானால், இரண்டு கற்களைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்,
மருதானை வாழ் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியன்